சக்குலன்ற் சாடிகளைக் குளிர்காலத்துக்கு உள்ளே எடுப்பது: போன முறை ஏன் செத்தன, இம்முறை என்ன செய்யலாம்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் வீடு வாங்கி இது இரண்டாவது குளிர்காலம். கோடை முழுக்க வீட்டோடு ஒட்டிய மரத்தளமான டெக்கில் வடிவாக நின்ற 22 சக்குலன்ற் சாடிகளை, அதாவது இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகளை, போன வருடம் ஒக்ரோபர் கடைசியில் உள்ளே எடுத்தீர்கள். பெப்ரவரிக்குள் பாதி அழுகிவிட்டன. மற்றப் பாதி கழுத்து நீண்டு, வெளிறி, சரிந்து விழுந்தன. இந்த வருடம் மேல்மாடியில் தெற்கு யன்னலோடு ஒரு வெளிச்சமான அறை காலியாக இருக்கிறது. எதை எடுப்பது, எப்போது எடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் நாள் கணக்கில் பதில் சொல்ல மாட்டேன். போன வருடம் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தண்ணீர் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்குதான் பாதியைக் கொன்றது.

அழுகியவையும் நீண்டவையும் வேறு வேறு நோயால் போகவில்லை. அஜாக்ஸில் ஜூன் மாதம் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். நண்பகல் வெயில் ஏறத்தாழ 70 பாகை உயரத்திலிருந்து விழும். டிசம்பர் 21 அளவில் பகல் 9 மணி நேரம்கூட இல்லை. நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் எழும்பாது. அதிலும் நவம்பர், டிசம்பர் முக்கால்வாசி நாள் மேகம். யாழ்ப்பாணத்தில் ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல்கூடச் சுமார் 11½ மணி நேரம் இருக்கும் என்பதை நினைத்தால் இங்கே எவ்வளவு குறைந்துபோகிறது என்று விளங்கும். வெளிச்சம் இப்படி விழுந்துபோக, வீட்டுக்குள் தெர்மோஸ்டாற் இரவும் பகலும் 21 பாகை செல்சியஸில் நிற்கிறது. செடிக்குச் சூடு கிடைக்கிறது, ஞாயிறு தோறும் தண்ணீர் கிடைக்கிறது, ஆகவே வளரப் பார்க்கிறது. வளர்வதற்குச் சாப்பாடு வெளிச்சம். அது இல்லாததால் இலைகளை அகல விட்டு, தண்டை நீட்டி, யன்னலைத் தேடுகிறது. இன்னொரு செடி அந்தச் சிரமத்தையும் எடுக்காமல் சும்மா இருக்கிறது. அது குடிக்காத தண்ணீர் சாடியில் நின்று வேரை அழுகவைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் சூட்டையும் தண்ணீரையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். நான் சொல்லப் போவதெல்லாம் இதற்குள் அடக்கம். ஒக்ரோபரில் எடுத்த அளவிலேயே மே மாதம் வெளியே கொண்டுபோய் வைத்தீர்கள் என்றால் அது நல்ல குளிர்காலம்.

ஊரில் கடைவாசலில் கண்ணூறுக்காகக் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை. மாதக்கணக்கில் உயிரோடு தொங்கும். சிலது பூத்தும் இருக்கும். உங்கள் யன்னலில் இருக்கப்போவதெல்லாம் அந்தச் சாதி. தாகத்தால் அவை சாவது அபூர்வம்.

முதலில் எதை எடுப்பது என்று பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் எடுக்கக் கூடாத ஒன்றையும் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ரோசாப்பூ மாதிரி அடுக்கு இலை உள்ளவை" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதியிருக்கிறீர்கள். அந்த உருவத்தில் இரண்டு இனங்கள் இங்கே கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் விற்கப்படும். ஒன்று எச்செவேரியா. பெரும்பாலும் மெக்சிக்கோவைச் சேர்ந்தது. இலை தடிப்பு, வழவழப்பு, மேலே சாம்பல் பூத்தது போல ஒரு மெழுகுப் படலம். மற்றது செம்பர்விவம். ஐரோப்பிய மலைச் செடி. இலை கொஞ்சம் மெல்லியது, நுனி கூர், விளிம்பை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கண்ணிமை போல மயிர் தெரியும். தாயைச் சுற்றிச் சிறு கொடிகளின் நுனியில் குஞ்சுகள் நிற்கும். எச்செவேரியாவின் பூந்தண்டு பக்கவாட்டில் வரும், பூத்த பிறகும் செடி இருக்கும். செம்பர்விவம் நடுவிலிருந்து பூக்கும், பூத்த தலை செத்துப்போகும்.

செம்பர்விவத்தை உள்ளே எடுக்கவே வேண்டாம். அது பனிக்குக் கீழே கிடந்து பழகியது. குளிர்காலம் அதற்கு ஓய்வு. சூடான அறையில் வைத்தால் நீண்டு, மெலிந்து, அசுவினி பிடித்துப் போகும். குளிர் அதைக் கொல்லாது, ஈரம்தான் கொல்லும். தண்ணீர் வடியும் துளையுள்ள சாடியில், கூரை விளிம்புக்குக் கீழே, மழை நேரே விழாத இடத்தில் வையுங்கள். தரையோடு படரும் சீடம் வகைகளில் பலவும் அப்படித்தான் வெளியிலேயே கிடக்கும். ஆனால் தொங்கும் சாடியில் வாழைச்சீப்புப் போல தடித்த இலைகளோடு இறங்குகிற சீடம் மெக்சிக்கோக்காரி, அவளை உள்ளே எடுக்க வேண்டும். நம் ஊர் நாகதாளிக்கு ஒரு சொந்தக்காரர் இந்த ஒன்ராறியோவிலேயே காட்டுச் செடியாக இருக்கிறார், தெரியுமா? தெற்கு மூலையில் பொயின்ற் பீலீ தேசியப் பூங்காப் பக்கம் மணலில் படர்ந்து கிடக்கும் சப்பாத்திக் கள்ளி. குளிர் வந்ததும் தண்ணீரை இழந்து, சுருங்கி, நிலத்தோடு படுத்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைவென்றால் உறைவதற்கும் குறைவு. அது செய்கிற வேலையைத்தான் மற்றச் செடிகளுக்கு நாம் செய்து கொடுக்கப் போகிறோம்.

உறைபனி ஏன் கொல்கிறது என்பதற்கும் அதுவே பதில். இந்த இலைகள் முழுக்கத் தண்ணீர் நிறைந்த பெரிய கலங்கள். உள்ளே பனிக்கட்டி பிடித்தால் கலச் சுவருக்குள்ளே இருக்கும் மென்தோல் கிழியும். காலையில் பார்த்தால் இலை கண்ணாடி போலத் தெரியும். வெயில் ஏற, கூழாகிக் கறுக்கும். அதற்கு மருந்து இல்லை. நுனி இலைகள் மட்டும் என்றால் கிள்ளிவிட்டுக் காயவிடலாம். நடுக்குருத்து போயிருந்தால் எறிவதுதான்.

எப்போது என்ற கேள்விக்குக் கலண்டரைப் பார்க்காமல் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். ஒக்ரோபர் கடைசி பிந்தி. ஏரியை ஒட்டிய பகுதிகளுக்கு உறைபனி சற்றுத் தாமதமாக வரும், வடக்கே போகப் போக முந்தும். இன்னொரு விசயமும் இருக்கிறது: மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலையின் சூடு வானத்துக்குப் போய்விடும். வானிலை அறிக்கை 3 பாகை என்று சொன்ன இரவிலும் டெக்கில் வெண்பனி பூத்திருக்கும். அதனால் இரண்டு தொகுதியாக எடுங்கள். இரவு 12, 10 என்று இறங்கத் தொடங்கும்போது பாலைவன ரோசா என்கிற அடீனியம், கலஞ்சோ, முள்முடி என்கிற யூபோர்பியா, திருகுக்கள்ளி. இது பெரும்பாலும் செப்ரெம்பர் கடைசியில் வந்துவிடும். எச்செவேரியா, தடித்த வட்ட இலையுள்ள ஜேட், கற்றாழை, அதன் சின்னச் சொந்தக்காரியான ஹவோர்தியா ஆகியவை இரவு 6, 7 பாகை வரை வெளியே நிற்கட்டும். அந்தக் குளிர் அவற்றுக்கு நல்லது. இலை விளிம்பு சிவக்கும், தண்டு இறுகும், வளர்ச்சி தானாக நிற்கும். நின்றுபோன செடியை உள்ளே எடுப்பது சுலபம்.

திருகுக்கள்ளி என்று எழுதியதும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. இங்கே நேர்சரியில் அதற்கு ஏதேதோ பெயர் எழுதி விற்பார்கள். ஆனால் அதன் தாவரவியற் பெயரே யூபோர்பியா திருகள்ளி. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் மலபாரில் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலில் அந்த நாட்டுப் பெயரோடு பதிவாகி, 1753இல் லினேயஸ் அப்படியே எடுத்துக்கொண்டார். செடியின் சொந்த ஊர் ஆபிரிக்கா, பெயர் மட்டும் நம் பக்கத்தது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிவும் காயமும் வரும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் யன்னல் விளிம்பில் வைக்காதீர்கள், கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள்.

உள்ளே எடுப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, என் கணக்கில் பாதி வேலை இதுதான். இலையுதிர்காலத்து மழையில் ஊறிய சாடியை அப்படியே அறைக்குள் கொண்டுபோனால் அது காய நவம்பர் ஆகும். அந்தக் காலம் முழுக்க வேர் ஈரத்துக்குள். வெளியே காற்றில் இரண்டு கிழமை நின்றால் மண் காயும், செடியும் குறைந்த வெளிச்சத்துக்குப் பழகும். சாடியைக் கையில் தூக்கிப் பாருங்கள். காய்ந்த சாடி ஏமாற்றம் தருகிற அளவுக்கு இலேசாக இருக்கும். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும், பிறகு குளிர்காலம் முழுக்க உதவும்.

அந்த இரண்டு கிழமையில் பூச்சியையும் பார்த்துவிட வேண்டும். நான் ஸ்காபரோவில் இருந்தபோது ஒரு வருடம் குளிர் திடீரென்று இறங்க, இரவோடு இரவாக எல்லாச் சாடிகளையும் தூக்கி உள்ளே வைத்தேன். ஒரு எச்செவேரியாவின் அடியிலைக்குள் பஞ்சுத்துணுக்குப் போல ஏதோ இருந்தது. பிறகு பார்ப்போம் என்று விட்டேன். ஜனவரியில் 14 சாடிகளிலும் மாவுப்பூச்சி. வெளியே இருந்தவரை அதைத் தின்ன வேறு பூச்சிகள் இருந்தன, மழை கழுவியது. உள்ளே அதற்குச் சொர்க்கம்: சூடு, வறட்சி, எதிரி இல்லை. அந்த வருடம் நான் எறிந்தவற்றை எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

ஆகவே ஒவ்வொரு சாடியையும் மேசையில் வைத்து, வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இலை தண்டோடு சேரும் இடுக்கு, நடுக்குருத்து, பூந்தண்டின் அடி, காய்ந்த அடியிலைகளுக்குள். காய்ந்த இலைகளை எல்லாம் உரித்து எடுங்கள்; பூச்சியின் வீடு அதுதான். வெள்ளைப் பஞ்சு இருந்தால் மருந்துக் கடையில் வாங்கும் 70 சதவீத ரப்பிங் அல்ககோலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து நேரே தொடுங்கள். எச்செவேரியாவில் அது மெழுகுப் படலத்தைத் துடைத்துவிடும், அந்த இலையில் தடம் நிற்கும். முதலில் ஓர் இலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஒருமுறையோடு போகாது, முட்டைகள் பொரிக்கும். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை. சாடியில் எறும்பு ஏறி இறங்கினால் பெரும்பாலும் மாவுப்பூச்சியின் தேனை நக்கத்தான் வருகிறது. செடி காரணமில்லாமல் வாடி நின்றால் சாடியிலிருந்து மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் சாடியின் உட்பக்கத்திலும் வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் வேர் மாவுப்பூச்சி; மண்ணை எல்லாம் கழுவிவிட்டு, வேரைக் காயவைத்து, புது மண்ணில் வைக்க வேண்டும். சாடியின் அடியைத் திருப்பி நத்தை, மரவட்டை இருந்தால் தட்டிவிடுங்கள். பூச்சி கண்ட சாடிகளை மூன்று கிழமை வேறு அறையில் வையுங்கள்.

உங்கள் படத்தில் இரண்டு சாடிகளில் மேலே கூழாங்கல் ஒட்டியிருப்பது தெரிகிறது. கடையில் பசை போட்டு ஒட்டி விற்பார்கள், ஏற்றி இறக்கும்போது கொட்டாமல் இருக்க. அதை உடைத்து எடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே மண் ஈரமா காய்ந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, மண்ணுக்குக் காற்றும் போகாது. துளையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் நட்டதையும் வெளியே எடுங்கள். அடியில் கல் போட்டால் போதும் என்பது பிழை. கல்லுக்கு மேலே இருக்கும் மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேதான் நிற்கும். மற்றபடி இலையுதிர்காலத்தில் மண் மாற்றும் வேலை வேண்டாம். அது வசந்தத்து வேலை, வேருக்கு உயிர் இருக்கும்போது.

இடம் போதாதென்றும் எழுதியிருந்தீர்கள். 22 சாடிகளையும் காப்பாற்றக் கடமை ஒன்றும் இல்லை. ஒரே வகையில் மூன்று இருந்தால் ஒன்றை எடுங்கள், மற்றதை யாருக்காவது கொடுங்கள். பெரிய கிண்ணத்தில் கூட்டாக நட்டவற்றிலிருந்து எச்செவேரியாத் தலைகளை மட்டும் கழற்றி, சின்னச் சாடிகளில் தனித்தனியாக வைக்கலாம். ஒவ்வொன்றிலும் நல்ல அடியிலை இரண்டைக் கிள்ளித் தட்டில் போட்டாலும் வசந்தத்தில் குஞ்சு வரும். ஊரில் "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்று ஒரு செடியின் இலையைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்திருப்போம். அந்தக் குடும்பம்தான் எச்செவேரியாவும்.

இனி அறை. தெற்கு யன்னல் என்பது அதிர்ஷ்டம். குளிர்காலத்துச் சூரியன் தாழ்வாக வருவதால் தெற்கு யன்னலுக்குள் வெயில் நன்றாக உள்ளே இறங்கும். ஆனால் "வெளிச்சமான அறை" என்று நம் கண் சொல்வதை நம்பக் கூடாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; கோடை மத்தியானத்தில் உங்கள் டெக்கில் 100,000 லக்ஸ் அளவு வெளிச்சம். பகலில் புத்தகம் வாசிக்கத் தாராளமாகப் போதுமான அறை நடுவில் சில நூறு லக்ஸ்தான். நம் கண்மணி விரிந்து சமாளித்துவிடும், செடிக்கு அந்த வசதி இல்லை. மத்தியானம் சாடி வைக்கப் போகிற இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, ஓர் அடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிகிற கருநிழல் விழுந்தால் எச்செவேரியாவுக்கு அந்த இடம். மங்கலான நிழல் என்றால் ஹவோர்தியா, மருள் என்கிற சான்செவேரியா. நிழலே விழவில்லை என்றால் அங்கே கதிரையைப் போடுங்கள். யன்னலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளினாலே வெளிச்சம் மிக வேகமாகக் குறையும். கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள், வலைத்திரையைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் செலவில்லாத வெளிச்சம்.

நவம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி வரை யன்னல் மட்டும் எச்செவேரியாவுக்குப் போதாது என்பதே என் அனுபவம். நாலடி நீள எல்இடி குழாய் லைற் ஒன்று போதும். கராஜுக்கு என்று விற்கிற சாதாரண வெள்ளை லைற்றே வேலை செய்யும். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் இடத்தில் 5000 முதல் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் சரி. ஊதா நிறத்தில் கண்ணைக் குத்தும் லைற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. செடித் தலையிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, ரைமரில் 12 முதல் 14 மணி நேரம் வையுங்கள். 40 வாற் லைற் மாதத்துக்கு 17 யூனிற் அளவில்தான் எடுக்கும். இரவு முழுக்க எரியவிட்டால் இன்னும் நல்லதோ என்று ஒருவர் என்னைக் கேட்டார். கூடாது. இந்தச் செடிகளில் பலவும் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவு இருட்டில்தான் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமிக்கும். பாலைவனத்தில் பகலில் வாயைத் திறந்தால் தண்ணீர் போய்விடும் என்பதற்காக வந்த பழக்கம். இருட்டு அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம்.

சூடு. அந்த அறையின் தரையில், யன்னலுக்கு நேர் கீழே, சூடான காற்று வரும் ஹீற்றிங் வென்ற் இருக்கும். இங்கே பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் வைப்பார்கள். அதை மூடிவிடுங்கள், கதவையும் சாத்துங்கள். அறை பகலில் 16, 17, இரவில் 10 முதல் 13 பாகை என்று இறங்கினால் பிரமாதம். வெளிச்சம் குறைந்த காலத்தில் குளிர்ந்த அறையில் எச்செவேரியா நீளாது. அதே வெளிச்சத்தில் 21 பாகையில் நீளும். குறைந்த, கூடிய அளவைப் பதிந்து காட்டுகிற வெப்பமானி ஒன்றைச் சாடிகளுக்கு நடுவே வையுங்கள். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாற் சொல்வது வேறு, கண்ணாடிக்குப் பக்கத்தில் நடப்பது வேறு. வெளியே சைபருக்குக் கீழே 20 என்று போகிற இரவில் இலை கண்ணாடியைத் தொடக் கூடாது, சாடி திரைச்சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளவும் கூடாது. திரையை இழுத்தால் செடி அறைப் பக்கம் இருக்க வேண்டும். காற்று வறண்டுபோகிறதே என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். நமக்குத்தான் உதடு வெடிக்கும். இவைக்கு வறண்ட காற்று பிறந்த வீடு.

தண்ணீருக்கு இப்போது வரலாம். குளிர்ந்த அறை, காய்ந்த மண், தூங்குகிற செடி என்ற நிலையில் எச்செவேரியாவும் ஜேட்டும் டிசம்பர், ஜனவரியில் நான்கு ஐந்து கிழமைக்கு ஒருமுறை கேட்கலாம். சில சாடிகள் அதுவும் கேட்காது. லைற்றுக்குக் கீழே சற்றுச் சூடாக இருப்பவை இரண்டு மூன்று கிழமையில் கேட்கலாம். இதை எண்ணாமல் செடியைப் பாருங்கள். அடியிலையை இரண்டு விரலால் மெதுவாக அமத்திப் பாருங்கள்; விறைப்பாக இருந்தால் நிறையத் தண்ணீர் உள்ளே இருக்கிறது. தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து இலை வளைந்து கொடுத்தால் தாகம். மண்ணுக்குள் ஓர் ஈர்க்கை அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு இழுங்கள். மண் ஒட்டாமல் சுத்தமாக வர வேண்டும். சாடியின் கனமும் அதையே சொல்ல வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் விடுங்கள். விடும்போது கரண்டி கரண்டியாக அல்ல. அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரை மண்ணில் மட்டும், அடியால் வடியும் வரை. தட்டில் நிற்பதை ஊற்றிவிடுங்கள். நடுக்குருத்தில் தேங்கியதை ஊதிவிடுங்கள். வெயில் வரும் நாளில் காலையில் விட்டால் இரவுக்குள் மேல்மண் காயத் தொடங்கும். வீட்டில் உப்புப் போடும் தண்ணீர் மென்மையாக்கி இருந்தால் அதற்கு முன்னால் வருகிற குழாய்த் தண்ணீரை எடுங்கள். உரம் மார்ச் வரை வேண்டாம்.

ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும்: இலை சுருங்குவது தாகத்தாலா, வேர் அழுகியதாலா? இரண்டிலும் மேலே தண்ணீர் போகவில்லை. ஈரமான மண்ணில் நிற்கும் செடி சுருங்கினால் வேர் போய்விட்டது. இலை மஞ்சளாகி, கண்ணாடி போல, தொட்டவுடன் விழுந்தால் தண்டும் போகிறது. உடனே மேலே நல்ல பகுதியில் வெட்டுங்கள். வெட்டுமுகம் வெள்ளையாக, பழுப்புப் புள்ளி இல்லாமல் வரும்வரை வெட்டி, வெறுமையான தட்டில் நிழலில் வைத்துவிடுங்கள். தலை மட்டும் கிடந்தே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாசல் கற்றாழையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சக்குலன்றும் குளிர்காலத்தில் தூங்குவதில்லை. ஏயோனியம், அந்தக் கறுத்த ஊதாத் தட்டுப் போல ஒன்று உங்கள் படத்தில் இருக்கிறதே, அது கனரித் தீவுகள் பக்கத்துக் குடும்பம். அங்கே மழை குளிர்காலத்தில். கோடையில் சோர்ந்து, இப்போதுதான் விழிக்கும். அதற்கு நல்ல வெளிச்சமும், மேல்மண் காய்ந்ததும் தண்ணீரும் கொடுங்கள். கூழாங்கல் போன்ற லித்தோப்ஸ் குளிர்காலத்தில் பழைய இரண்டு இலையையும் தின்று புது இலை விடும். பழையது தாள் போலக் காயும்வரை ஒரு சொட்டும் கூடாது. நத்தார்க் கள்ளி பாலைவனத்தது அல்ல, பிரேசில் காட்டு மரங்களில் ஒட்டி வாழ்வது. அதை எலும்பாகக் காயவிடாதீர்கள், நேர் வெயிலும் வேண்டாம். நீண்ட இரவும் கொஞ்சம் குளிரும் கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும், ஆகவே இரவில் லைற் எரிகிற குசினியில் வைக்காமல் இருப்பது நல்லது. அடீனியம் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கட்டையாக நிற்கும். செத்துவிட்டதென்று பயந்து தண்ணீர் விட்டுத்தான் பலர் அதைக் கொல்கிறார்கள். அடிக்கிழங்கு கல்லுப் போல இருந்தால் உயிர் இருக்கிறது; 12 பாகைக்குக் கீழே விடாமல், காய்ந்த மண்ணில், அப்படியே விடுங்கள்.

நம் செடிகள் இரண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தின் மூலையில் கண்டேன். பிரண்டைக்கு இதே வைத்தியம்தான்: 10 பாகைக்கு முன் உள்ளே, கணு கணுவாக வெட்டித் துவையலுக்கு எடுத்துவிட்டு இரண்டு மூன்று கொடியை மட்டும் சின்னச் சாடியில் வையுங்கள், குறைந்த தண்ணீர். கற்பூரவள்ளியைப் பெரிய சாடியோடு எடுக்காதீர்கள். அது கோடையில் மரம் போல முற்றியிருக்கும், உள்ளே வந்தால் இலை கொட்டும். செப்ரெம்பரில் நுனிக் கொழுந்து நான்கை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் கொஞ்ச நாளில் வேர் விடும். அதற்கு மட்டும் மற்றவற்றைவிடச் சூடும் தண்ணீரும் கூட வேண்டும். குசினி யன்னல் அதற்குச் சரி, இருமலுக்குக் கிள்ளவும் வசதி.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில எச்செவேரியா நீளத்தான் செய்யும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. குளிர்காலத்தில் வெட்டாதீர்கள், மார்ச் கடைசியில் பகல் 12 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு, தலையை இரண்டு விரல் நீளத் தண்டோடு வெட்டி, நாலைந்து நாள் காயவிட்டு, காய்ந்த மண்மேல் உட்காரவையுங்கள். வேர் விட்ட பிறகு தண்ணீர். அடிக்கட்டையை எறிய வேண்டாம், அதைச் சுற்றி நாலைந்து குஞ்சு வரும்.

வெளியே எடுப்பது மே மாதத்தில் வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்குப் பிறகு, அதுவும் இரவு 10 பாகைக்கு மேல் நிலைத்த பின்தான். ஏப்ரலில் ஒரு நாள் 20 பாகை அடித்ததும் ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஏழெட்டு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இலை மே வெயிலில் ஒரே பின்னேரத்துக்குள் எரியும். அந்தப் பழுப்புத் தழும்பு ஆறாது, இலை விழும்வரை அப்படியே இருக்கும். முதல் நாலைந்து நாள் வீட்டின் வடக்குச் சுவரோரம், பிறகு காலை வெயில் மட்டும் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. டெக்கின் பழைய இடத்துக்குப் போக இரண்டு கிழமை ஆகட்டும்.